வாசல் மணல்

தீவு என்றால் போட்ட இடத்தில் கிடக்கும் என்று நினைப்பவர்கள் நெடும்பார்ப் பக்கம் வந்து பார்த்ததில்லை. அங்கே பவளப்பாரின் முதுகில் ஒன்பது தீவுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஒரு வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருந்தது கிடையாது. வாடைக் காலத்தில் வடக்கேயிருந்து வரும் அலை வடகரை மணலை வாரிக்கொண்டு போய்த் தென்கரையில் போடும். சோழகம் பிறந்துவிட்டால் தெற்கேயிருந்து வரும் அலை அதே மணலை அள்ளி வடக்கே திருப்பிக் கொண்டுவரும். தூத்துக்குடிக் கரையிலிருந்து சங்கு குளிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள் இதைப் பார்த்துவிட்டு, கடலோடு மல்லுக்கட்டாமல் வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டார்கள். அந்த மணலுமே கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்று கழித்ததுதான். யாராவது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால், மீன் கழித்ததன் மேல் நின்றுகொண்டு இவ்வளவு பெருமையா என்று இன்றைக்கும் கேட்பார்கள்.

பிறகு சிமென்ட் வந்தது. பெரியமணல் தீவில் துறைமுகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாடி வீடு எல்லாம் வந்தன. ஓலையைப் பிரித்துக் கட்டலாம், கான்கிரீட்டை எங்கே பிரிப்பது? போதாக்குறைக்குக் கடல் மட்டமும் ஏறத் தொடங்கியது. அப்போதுதான் கதவுகளை இறக்கினார்கள். கடலடியில் தீவுகளைச் சுற்றி நட்ட, ஆள் உயரத்துக்கும் மேலான தகடுகள் அவை. அலையைப் பார்த்துத் தாமாகத் திரும்பிக்கொள்ளும். அவை திரும்பிய பக்கம் மணல் நகரும். எந்தக் கதவு எப்போது திரும்புவது என்று முடிவு செய்வது, பெரியமணலில் மணல் நிலையத்துக்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி நிரல். அலுவலகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஊர் அதற்கு வைத்த பெயர் பங்காளி. இருக்கிற மணலை ஒன்பது தீவுக்கும் பங்கு வைக்கிறதல்லவா, அதனால். பங்காளியிடம் ஏமாறாத குடும்பம் எது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

வியாகுலம் அந்த நிலையத்தில் பொறியாளர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது. அன்று வால்மணலுக்குப் போன படகில் அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் படகோட்டிக்கே எரிச்சலாகிவிட்டது. அவள் பையில் வால்மணல் மக்கள் கையெழுத்திட வேண்டிய சம்மதக் கடிதம் இருந்தது. வரிசையில் கடைசித் தீவு வால்மணல். இனி அது தேறாது என்று நிலையம் முடிவு கட்டியிருந்தது. வாடை பிறக்கும் முன் எல்லாரையும் படகில் ஏற்றிப் பெரியமணல் துறைமுகத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் அடுக்கு வீடுகளில் குடிவைத்துவிட வேண்டும். வியாகுலம் பிறந்தது வால்மணலில். அக்கா ரோசாலி வாழ்க்கைப்பட்டிருப்பதும் அங்கேயேதான். நீங்க சொன்னா கேப்பாங்க என்று சொல்லித்தான் தலைமைப் பொறியாளர் தார்சீஸ் அவளை அனுப்பியிருந்தார்.

படகு எப்போதும் ஒதுங்கும் இடத்தில் கரையே இல்லை. ரோசாலியின் கணவன் கஸ்பார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தான். வீட்டுக்குப் போனால், வீட்டின் பின்பாதியைக் காணோம். அடுக்களை இருந்த இடத்தில் கடல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ரோசாலி முன்னறையில் அடுப்பு வைத்திருந்தாள்.

"குடி," என்று செம்பை நீட்டினாள்.

ஒரு வாய் குடித்ததும் வியாகுலத்தின் முகம் கோணியது. தண்ணீர் உப்பாக இருந்தது. இந்தத் தீவுகளில் மழை கொடுத்த நல்ல தண்ணீர், மண்ணுக்கடியில் கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. தீவு ஒடுங்கினால் அந்த மிதப்பும் ஒடுங்கும். கிணறு உப்பானால் தீவு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"கெணறு எப்ப இருந்துக்கா இப்பிடி?"

"அது ஆச்சு ரொம்ப நாளு. நாங்க குடிச்சுப் பழகிட்டோம். நீதான் மொகத்தச் சுளிக்க."

வியாகுலம் கடிதத்தை எடுத்தாள். அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. "இன்னைக்கு வெள்ளிக்கெழம. குருசடிக்குப் போய்ட்டு வந்து பேசுவம். வாறியாட்டி?"

குருசடி என்பது கடலைப் பார்த்து நிற்கும் ஒரு சிலுவை, சுற்றிலும் வேலி. வால்மணலில் கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை கிடையாது. புதைப்பதற்கு ஆளே இல்லாதபோது கல்லறை எப்படி வரும்? அதனால் அவரவர் வீட்டு வாசலில் ஒரு பெட்டி மணல் அள்ளிக்கொண்டு வந்து சிலுவையின் காலடியில் போடுவார்கள். குழியில் மண் போடுவதற்குப் பதிலாக அது. கட்டாயம் சொந்த வாசல் மணலாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா போடுவார்கள். கடல் உள்ளே வர ஆரம்பித்ததிலிருந்து, செத்தவர்கள் ஊரைக் காக்கட்டும் என்று வெள்ளிக்கு வெள்ளி போடுகிறார்கள். இரண்டு சகோதரிகளின் அப்பாவும் கடலோடு போனவர்தான். அவர் கிடப்பதும் அந்த மணலில்தான்.

ரோசாலி பனையோலைக் கடகப்பெட்டியில் வாசல் மணலைக் கூட்டி அள்ளினாள். வாசலில் அள்ளுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஊரே பெட்டியோடு வந்துகொண்டிருந்தது. சிறு வயதில் வியாகுலம் ஏறி விளையாடிய குருசடிப் படிகளைக் காணவில்லை. எல்லாம் மணலுக்குள் போயிருந்தன. தீவு முழுக்கத் தேய்ந்து கிடக்க, குருசடி மட்டும் ஒரு குன்றாக எழும்பி நின்றது.

அந்தக் குன்றில், சிலுவைக்குப் பக்கத்தில், ஒரு சாண் உயரத்துக்கு இரும்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அது என்ன என்று வியாகுலத்துக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது கையிலிருந்த செருப்பு நழுவி விழுந்தது.

ஒவ்வொரு தீவுக்கும் நிலையம் ஒரு கம்பம் நட்டிருக்கிறது. தன் காலடியில் மணல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்துப் பங்காளிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. வால்மணலில் அதைக் குருசடி வேலிக்குள் நட்டார்கள். அங்கேதான் ஆடு உரசாது, யாரும் கழற்றிக்கொண்டு போகமாட்டார்கள். நல்ல யோசனைதான். ஆளுயரக் கம்பத்தில் இப்போது மிச்சமிருந்தது ஒரு சாண்.

ரோசாலி பெட்டியைக் கவிழ்த்தாள். மணல் கம்பத்தின் மேல் சரிந்து இறங்கியது.

"ஏட்டி, ஏன் இப்பிடி நிக்க? ஜெபத்தச் சொல்லு," என்றாள் அக்கா.

வியாகுலத்துக்கு ஜெபம் வரவில்லை. கடிதத்தில் கையெழுத்து வாங்காமலே அடுத்த படகில் திரும்பினாள். இதைத் தார்சீஸிடம் சொன்னால் பங்காளியின் கணக்கில் ஒரு எண்ணைத் திருத்திவிடலாம், வால்மணல் பிழைத்துவிடும் என்று மனம் துள்ளியது. அன்று படகில் அவள் உட்காரவே இல்லை.

தார்சீஸ் அவளைப் பேசவிட்டார். அவர் நல்ல மனிதர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"பங்காளி ஏமாந்துபோய் நிக்கி சார். வால்மணல் அகலம் கொறையுது, ஒசரம் கூடுது. அப்போ அங்க மணல ஒரு எடத்துல பதுக்கி வச்சிருக்குன்னுதான அதுக்கு அர்த்தம்? இருக்குற எடத்துல எடுத்து இல்லாத எடத்துக்குக் குடுன்னு நாமதான சொல்லி வச்சிருக்கோம். அது எடுக்குது. கடல் உள்ள வருது. சனம் பயந்து இன்னும் மணல் போடுது. போடப் போட..."

"எடுக்குது," என்றார் தார்சீஸ். "எனக்கும் சந்தேகம் வந்துச்சும்மா. போன தடவ அங்க போனப்ப அந்தக் குருசடியப் பாத்தேன்."

வியாகுலம் எழுந்துவிட்டாள். "பாத்துமா சார் சும்மா இருந்திய?"

"உக்காருங்க. திருத்துனா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க. கடல்ல புதுசா மணல் ஒண்ணும் பொறக்கப் போறதில்ல. வால்மணலுக்குக் குடுக்கணும்னா எங்கயாவது எடுக்கணும். எங்க இருந்து எடுக்கும்?"

வால்மணலில் போன மணல் எங்கே வந்து சேர்ந்தது என்று படகிலேயே யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

"இங்க வடகரையில இருந்துதான்," என்றார் அவரே. "ஆஸ்பத்திரி. அதுக்கு இந்தப் பக்கம் உங்க தெரு. அந்தச் சனத்துக்கு இங்க வீடு குடுத்துரலாம். ஆஸ்பத்திரிய எங்க தூக்கிட்டுப் போறது? நடந்தது தப்புதான். ஆனா பாதிச் சனம் இப்ப அந்தத் தப்பு மேலதான் நிக்குது. நான் அதுல கைவைக்க மாட்டேன்."

எண்ணைத் திருத்த இரண்டு பேருடைய ஒப்புதல் வேண்டும். அவர் தராவிட்டால் அவளுடையது மட்டும் செல்லாது.

"அப்போ அவங்ககிட்டயாவது உண்மையச் சொல்லணும் சார்."

"சொல்லுங்க. நீங்க கும்பிட்ட கும்பிடுதான் ஊரக் கவுத்துச்சுன்னு உங்க அக்கா மொகத்தப் பாத்துச் சொல்ல முடிஞ்சா, தாராளமா சொல்லுங்க."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் அவளை இன்னும் வதைத்தது. நிலையத்தின் நடைபாதையில் அங்குமிங்கும் நடந்தாள். வீட்டுக்குப் போனால் வீட்டிலும் நடந்தாள். அவள் கணவன் ஜெரோம் ஆஸ்பத்திரியில் செவிலியர். என்னவென்று கேட்டதற்கு, வேலை என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் படகு பிடித்துப் போய்ச் சொல்லிவிட்டாள். கஸ்பார் முன்னறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ரோசாலி அடுப்பில் நின்றாள். வியாகுலம் சொல்லி முடிக்கும் வரை இருவரும் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"அதனால அந்தக் கம்பத்தச் சுத்தி இருக்குற மணல மட்டும் அள்ளிட்டா போதும் அத்தான். மத்தது தானா சரியாயிரும்."

கஸ்பார் வலையைக் கீழே போட்டான். "அள்ளவா? என்ன பேச்சு பேசுத? அதுல ஒங்க அப்பா கெடக்காரு. எங்கண்ணன் கெடக்கான். குழியத் தோண்டச் சொல்லுதியா?"

"அவிய அங்க இல்ல அத்தான். அது வெறும் மணலு."

"ஒனக்கு அது மணலு. ஒங்க மெஷினுக்கும் அது மணலு. நாங்க கண்ணீரும் கம்பலையுமா கொண்டுபோய்ப் போட்டது. அத அள்ளித்தான் இந்த ஊரு பொழைக்கணும்னா, பொழைக்கவே வேண்டாம்." எழுந்து வெளியே போய்விட்டான்.

ரோசாலி அடுப்பை அணைத்தாள். கடல் வந்துபோகிற பின்பக்கத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்போ எங்க அடுக்களை இப்ப ஒன் வீட்டுக்குப் பின்னால கெடக்கு," என்றாள். "அப்பிடித்தான?"

வியாகுலத்துக்கு அழுகைதான் வந்தது. அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"போட்டும். அழாத. ஊர்ல யார்ட்டயும் இதச் சொல்லாத. வாழுற வரைக்கும் நிம்மதியா கும்பிட்டுட்டுப் போகட்டும்." எப்போதும் போல, கிளம்பும்போது கடகப்பெட்டி நிறையக் கருவாட்டைப் போட்டுக் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை படகு வரைக்கும் கூட வரவில்லை.

கருவாடு காலியானதும் பெட்டி சமையலறை மூலையில் கிடந்தது. வியாகுலத்தின் கண் அடிக்கடி அதன்மேல் போனது. ஒருநாள் காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பிய கோலத்திலேயே, வாசல் மணலைக் கூட்டி அதில் அள்ளினாள்.

பெரியமணலுக்கும் ஒரு கம்பம் உண்டல்லவா? துறைமுகம் போகும் வழியில், பொட்டல்வெளியில் நிற்கிறது. ஒரு பெட்டி மணலால் தீவு உயர்ந்துவிடாது. ஆனால் கம்பம் தீவைப் பார்ப்பதில்லை, தன் காலடியைத்தான் பார்க்கிறது. எண்ணைத் திருத்த அவளுக்கு அனுமதி இல்லை. மணல் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள்.

"ஏட்டி வியாகுலம், இங்க எதுக்கு மணலக் கொட்டுத?"

மீன்கூடையோடு சூசம்மா நின்றிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி, மீன் விற்கிறவள். அவளுடைய வாய்க்குப் பயந்து துறைமுகத்தில் ஏலக்காரர்களே ஒதுங்குவார்கள்.

"அப்பாவுக்காகக்கா. ஒரு நேர்ச்ச, வேண்டிக்கிட்டேன்."

சூசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதிசயமாக, மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வியாகுலம் தினமும் போட்டாள். சில நாளில் கம்பத்தடியில் அவள் போடாத மணலும் கிடந்தது. பிறகு ஒரு காலையில் சூசம்மாவே பெட்டியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் தெருவே வந்தது. நேர்ச்சை என்று அவள் சொன்ன பொய் பற்றிக்கொண்டுவிட்டது போலிருக்கிறதே என்று வியாகுலம் பயந்தாள்.

வாடை பிறந்தது, கையெழுத்தாகாத கடிதம் அவள் பையிலேயே கிடந்தது. கஸ்பார் போன் செய்தான். பழைய கோபம் குரலில் இல்லை. "வியாகுலம், நம்ம தெக்குக் கரையில மணல் ஒதுங்குது. படகு பழைய எடத்துலயே நிக்கி. நீதான் ஏதாவது பண்ணுனியா?" போனை வைத்துவிட்டு அழுதாள், சிரித்தாள், வீட்டைச் சுற்றி நடந்தாள். சுற்றி வரும்போது பின்சுவரின் அடி ஈரமாக இருப்பதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. வடகரைத் தென்னைகள் சாய்ந்தன. தெருக்கோடி வீட்டுத் திண்ணை உடைந்து விழுந்தது. ஜெரோம் முழங்கால் வரை நனைந்து வீட்டுக்கு வந்தான், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். வியாகுலம் மணல் போடுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் கொடுத்தால் போதும் என்றுதான் அவள் தொடங்கியது. ஆனால் மற்றவர்கள் நிறுத்தவில்லை. கடல் நெருங்க நெருங்கக் கம்பத்தடியில் கூட்டம் கூடியது, பெட்டிகள் பெரிதாயின. வால்மணலில் நடந்தது அப்படியே இங்கேயும் நடந்தது. பயந்த சனம் தன் வாசலைத் தானே அள்ளிக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தொடங்கிவைத்தவள் தானே என்ற நினைப்பு அவளைச் சோறு தின்னவிடவில்லை.

கடைசியில் ஜெரோமிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவன் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"கீழ் வார்டுல நடக்க முடியாத ஆளுங்க கெடக்காங்க, தெரியுமா ஒனக்கு?" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா போட்ட?"

"அங்க எங்கக்கா வீட்டுக்குள்ள கடல் கெடக்கு. அது யாரு போட்டது?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். சோறு அப்படியே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். வேலை போனால் போகட்டும், ஊர் காறித் துப்பினால் துப்பட்டும், அதற்காகக் கண்ணெதிரே ஆஸ்பத்திரி இடிவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பொட்டல்வெளியில் திருவிழா போலக் கூட்டம். வியாகுலம் கம்பத்தின் அருகே கிடந்த உடைந்த மீன்பிடி வள்ளத்தின் மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இனி இங்க யாரும் மணல் போடாதீங்க. இது நேர்ச்ச இல்ல. நான் பொய் சொன்னேன்." கம்பம் என்ன செய்கிறது, பங்காளி எதை நம்புகிறது, வால்மணலில் என்ன நடந்தது, இங்கே வருகிற கடல் ஏன் வருகிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். "நீங்க பயந்து போடப் போட, உங்க வீடுதான் போகுது. தப்பு முழுக்க என்னுது."

யாரும் கூச்சல் போடவில்லை. யாரும் அதிர்ந்துபோனதாகவும் தெரியவில்லை. அவளுக்கே குழப்பமாகிவிட்டது.

"முடிச்சிட்டியா?" என்றாள் சூசம்மா. "பயந்துபோய்ப் போடுதோம்னா நெனச்ச? நீ மொதப் பெட்டி போட்ட அன்னைக்கே ரோசாலிக்குப் போன் போட்டேன். ஒந்தங்கச்சி பொட்டல்ல நின்னு மணலக் கொட்டுதா, புத்தி பெரண்டு போச்சான்னு கேட்டேன். அவ விக்கி விக்கி அழுதா. பெறகு எல்லாத்தையும் சொன்னா."

"அக்காவா? யார்ட்டயும் சொல்லாதன்னு எங்கிட்டயே..."

"அவ ஊர்க்காரங்ககிட்டச் சொல்லாதன்னுதான சொன்னா? எந்தம்பி குடும்பம் அங்க கெடக்கு. இந்தா நிக்காளே, இவ மகள வால்மணல்லதான் குடுத்திருக்கு. நெடும்பார்ல ஒம்போது தீவுலயும் சம்பந்தம் இல்லாத வீடு ஏதாவது ஒண்ணு காட்டு. அவங்க மணல்லதான் நாம காலு நனையாம இருந்தோம்னு தெரிஞ்ச பெறகு, தின்ன சோறு எறங்கல."

"வீடு போயிருமேக்கா."

"போகும். எனக்குப் பின்சுவரு போய்ட்டு. வாடை முடியட்டும், அதுவரைக்கும் அவங்களுக்கு. சோழகம் பொறந்ததும் இத அள்ளித் தூரப் போட்டுருவம், அப்போ நமக்கு வரட்டும். இதுல யாரும் பொதைஞ்சு கெடக்கலியே, அள்ளுனா என்ன?"

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஐஸ் கம்பெனிக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, யாரைக் கேட்டு என் சுவரைக் கடலுக்குக் கொடுத்தீர்கள் என்று கத்தினார். அவங்களுத எடுத்தப்ப யாரக் கேட்டாங்க என்று சூசம்மாவும் கத்தினாள். பெட்டியைக் கவிழ்க்காமலே வீட்டுக்குத் திரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல வியாகுலத்துக்கு வாய் வரவில்லை.

இதற்குள் தார்சீஸ் வந்துவிட்டார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பாதி புதைந்து நின்ற கம்பத்தைப் பார்த்தார்.

"நாளைக்கே இதச் சுத்தி வேலி போடச் சொல்லுறேன்," என்றார்.

"போடுங்க சார். வேலிக்கு மேல கை எட்டும்," என்றாள் சூசம்மா.

"இது பொய்க் கணக்கும்மா. இந்தக் கம்பம் சொல்லுறது பொய்யின்னு நான் இப்பவே எழுதிட்டா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். வியாகுலமும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கம்பம் பொய் சொல்கிறது என்று எழுதினால், எப்படிப் பொய் சொல்கிறது என்றும் எழுத வேண்டும். எழுதினால் வால்மணல் கம்பமும் அதே பொய்யைச் சொன்னது, அது தெரிந்தும் அவர் வாய் திறக்கவில்லை என்பதும் வெளியே வரும். தார்சீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

வியாகுலம் வள்ளத்திலிருந்து இறங்கினாள். கூட்டத்தின் ஓரத்தில் ஜெரோம் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கால்சட்டை ஈரமாக இருந்தது. கையில் ரோசாலியின் கடகப்பெட்டி காலியாக இருந்தது.

"கீழ் வார்டு ஆளுங்கள மாடிக்கு ஏத்தியாச்சு," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். "ஜெனரேட்டர நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறோம். வாடை முடியுற வரைக்கும் எப்பிடியாவது ஓட்டிரலாம். அதுக்குமேல என்னால ஆகாது, பாத்துக்க."

சரி என்று அவள் தலையசைத்தாள்.

அவன் பெட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் குடும்பம் துறைமுக வேலைக்கு வந்து தங்கியது, வால்மணல் வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியாது.

"இதுக்கு எங்க அள்ளணும்? ஐஸ் கம்பெனிக்குப் பின்னால நெறையக் கெடக்கு."

"அது வேண்டாம்," என்றாள் வியாகுலம். "நம்ம வாசல்லதான் அள்ளணும். அடுத்தவங்க வாசல்ல அள்ளுத வழக்கம் எங்களுக்குக் கெடையாது."